விருந்தாளிக்கு முன் எச்சிலான இலை

நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். பால்காரர் பால் ஊற்றும்போது படியைப் பார்க்கமாட்டேன், படிக்குள் போகிற அவருடைய கட்டைவிரலைப் பார்ப்பேன். இந்தக் குணம் கூடவே பிறந்ததா, அந்த ஏடு வந்த பிறகு ஒட்டிக்கொண்டதா என்று கேட்டால் பாதிக்குப் பாதி என்பேன்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்திய கதை இது. எங்கள் வீடு புதுச்சேரிப் பக்கம் பாகூரில். நெல், கரும்பு, நான்கு மாடு. எனக்குப் பதினேழு வயது. பிரெஞ்சு சர்க்கார் நடத்திய பெண்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் படித்துவிட்டு, மேலே படிக்க இடமில்லாமல் வீட்டில் இருந்தேன். அப்போது சென்னையில் ஒரு பதிப்பகம் மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக்கு நான்கு படம், ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இரண்டு வரி. எப்போதும் துப்பறியும் கதைதான். ஒரு வைரமோ உயிலோ காணாமல் போகும். கோட்டுப் போட்ட ஒருவர் வருவார். செருப்புத் தடத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப்போவார்.

புத்தகத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் அங்கத்தினராகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அதே பதிப்பகம் எட்டுப் பக்கத்தில் தனியாக ஓர் ஏடு அனுப்பும். அதுதான் ருசி. துப்பறிகிறவருக்கு மீசை வைக்கலாமா வேண்டாமா என்று வாசகர்கள் அதில் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். படம் போடுகிறவர் தவறிப்போய் ஒருவருக்கு ஆறு விரல் வரைந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். யார் பெயரும் அச்சில் வராது, ஊரும் அங்கத்தினர் எண்ணும் மட்டும்தான். சேர்ந்தது என் அண்ணன். இரண்டே மாதத்தில் சலித்துப்போய்ச் சைக்கிள் பின்னால் ஓடிவிட்டான். எண் 141 என் கைக்கு வந்தது. தபால்காரர் ஏட்டைக் கொடுத்ததும் அண்ணன் அதை அடுப்பங்கரைக்குள் எறிவான்.

"இந்தாடி, ஒன் சொத்து வந்துடுச்சி."

ஏட்டின் கடைசிப் பக்கத்தில் 'நம்மூர்த் துப்பு' என்று ஒரு பகுதி உண்டு. நம் பக்கத்தில் விளங்காத நடமாட்டம் எதையாவது கவனித்து, கண்டதை மட்டும் எழுதி அனுப்ப வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது. அடுத்த மாதம் மற்ற அங்கத்தினர்கள் விடை எழுதுவார்கள். மூன்றாவது மாதம், முதலில் எழுதியவர் விடை சரியா தவறா என்று முடிவு சொல்ல வேண்டும்; சிறந்த விடைக்குப் பதிப்பகம் ஒரு பரிசு அனுப்பும். நான் எழுதியது ஒரு தடவை வந்தது: ஊரில் ஒரு கிழவர் தினம் வெறுங்கூடையோடு ஏரிக்கரைக்குப் போகிறார், வெறுங்கூடையோடு திரும்புகிறார். சேலத்து அங்கத்தினர் ஒருவர் ஒரே வரியில் விடை எழுதினார்: வீட்டில் மருமகள் இருப்பாள். விசாரித்ததில் அதுதான் சரி.

அந்த வருஷம் சித்திரையில் என் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே தம்பி. கடலூர்ப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊர்வலத்தில் போலீஸ்காரர் கைத்தடியைப் பிடுங்கி அவரையே ஒரு போடு போட்டுவிட்டு வந்திருந்தார். அங்கே இங்கிலீஷ்காரன் போலீசின் வாரண்டு. இங்கே பிரெஞ்சு மண்ணில் அவர்கள் சட்டப்படி கைவைக்க முடியாது. ஆனால் எங்கள் பக்கத்து எல்லை நேராகப் போகிற எல்லை இல்லை. எங்கள் வயலிலேயே கடைசி மூன்று துண்டு இங்கிலீஷ்காரன் ராஜ்ஜியத்தில் கிடந்தது. ஆளை வரப்புக்கு அந்தப்புறம் இழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் அவர்கள் பக்கம். அப்படி ஏற்கெனவே இரண்டு பேர் பிடிபட்டுப் போயிருந்தார்கள். அதற்கென்றே மாட்டுத்தரகர் மாதிரியும் துணி விற்பவர் மாதிரியும் ஆட்கள் சுற்றுவதாகப் பேச்சு. அதனால் மாமாவை வீட்டுக்குப் பின்னால் கரும்பாலைக் கொட்டகையில் வைத்திருந்தோம். ஆலை ஓடாத காலம். கொட்டகைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். அவர் அங்கே இருப்பது வீட்டு ஆட்கள் நான்கு பேருக்கு மட்டும் தெரியும்.

மாமாவுக்கு இரண்டு பலவீனம். ஒன்று, கதர் வேட்டி. ஒளிந்து கிடந்தாலும் அதைத் தன் கையாலேயே வெளுக்கத் துவைத்து, மடிப்புப் பிடித்துக் கொடியில் போட்டால்தான் தூக்கம் வரும். இன்னொன்று, சொஜ்ஜி.

ஆனி மாதம் என்னைப் பெண் பார்க்க அரியூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் காலத்தில் பெரியவர்கள் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இவர் தானே வந்தார். அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கூட அவர் அப்பாவும் அத்தையும். மெலிந்த ஆள், சட்டைப் பையில் பென்சில். வந்ததும் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். ஒரு ஆள் கால் கழுவுகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அங்கே இருந்தார். நான் தட்டை நீட்டியபோது எல்லோரும் என் முகத்தைப் பார்க்க, அவர் என் கையைப் பார்த்தார். வளையலை எடை போடுகிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

"படிக்கற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்தானா?" என்று சிரித்தார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ரொம்பவே பிடித்துவிட்டது. மறுவாரமே சேதி வந்தது: பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆடி கழியட்டும், ஆவணியில் தட்டு மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆடி மாதம் முழுக்க நான் சும்மா சும்மா சிரித்துக்கொண்டு திரிந்ததாக அண்ணன் கேலி செய்தான்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஏடு வந்தது. கடைசிப் பக்கத்தைத்தான் எப்போதும் முதலில் பார்ப்பேன். 'அரியூர், எண் 88' என்று இருந்தது. அரியூரில் இந்த ஏட்டைப் படிக்கிறவர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? கீழே இப்படி எழுதியிருந்தது:

"எங்கள் ஊருக்குத் தெற்கே, பெரிய ஏரி உள்ள ஓர் ஊரில் நல்ல காரியமாக ஒரு வீட்டுக்குப் போனேன். கண்டவை இவை. எங்களுக்குக் காப்பி கொடுத்த தம்ளர்களில் மூன்று வெவ்வேறு வீட்டுப் பெயர்கள் வெட்டியிருந்தன. நாங்கள் உள்ளே நுழைந்து கால் கழுவப் போனபோதே கொல்லைக் குப்பையில் ஓர் இலை கிடந்தது. சொஜ்ஜி தின்று, மடித்து எறிந்த இலை. ஈரம் காயவில்லை. வீட்டில் குழந்தைகள் இல்லை. வீட்டு ஆண்கள் இருவரும் மில் வேட்டி கட்டியிருந்தார்கள். கொடியில் ஒரு கதர் வேட்டி காய்ந்தது. பெண்ணின் வலது கட்டைவிரலில் மை இருந்தது."

தம்ளர் விஷயம் வெட்கக்கேடுதான். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு அக்கம்பக்கத்தில் பித்தளைச் சாமான் இரவல் வாங்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது. பெயர் வெட்டியிருக்கும் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி நீட்டவேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லியும் இருந்தாள். நான் மறந்துவிட்டேன். அது போகட்டும். இலைதான் என்னைக் கொன்றது. விருந்தாளி வாயில் வைப்பதற்கு முன் அந்தப் பலகாரத்தை வீட்டில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். அம்மா பசியில் மயங்கி விழுந்தாலும் தொடமாட்டாள். ஆனால் ஆட்கள் வந்துவிட்டால் கொட்டகைக்குத் தட்டு எடுத்துப்போக முடியாதே என்று, தம்பிக்கு மட்டும் முதலில் இலை போட்டுவிட்டாள். ஆயுளில் ஒரு தடவை முறை தவறினாள், அதையும் ஒருவர் பார்த்து அச்சில் போட்டுவிட்டார்.

சொஜ்ஜி தின்கிற ஓர் ஆள். கதர் கட்டுகிற ஆள். வீட்டில் இருந்தும் விருந்தாளி கண்ணில் படாத ஆள். பெரிய ஏரி உள்ள ஊர் என்றால் எங்கள் சீமையில் வேறு எது? ஏடு அச்சாவது சென்னையில், வாரண்டு போட்டவர்கள் ராஜ்ஜியத்தில்.

அதன் பிறகு எனக்கு எல்லாமே கோணலாகத் தெரிய ஆரம்பித்தது. பெண் பார்க்கத் தானே வந்த ஆள். பையில் பென்சில். கிணற்றடியில் அவ்வளவு நேரம். போகும்போது அப்பாவிடம் "உங்க நெலம் எல்லை வரைக்கும் போவுதா?" என்று கேட்டது வேறு ஞாபகம் வந்தது. வாத்தியார்தானா? வாத்தியார் வேலையோடு வேறு வேலையும் பார்க்கிறாரா? ஏட்டையே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஊர் ஊராக ஆட்களைச் சேர்த்து, பக்கத்து வீட்டை வேவு பார்த்து எழுது, பெயர் வேண்டாம், நினைத்ததை எழுதாதே, கண்டதை மட்டும் எழுது என்று சொல்கிறார்களே, இது யாருக்கு உபயோகம்? மீசை வைக்கலாமா என்று சண்டை போடுகிறவர்களுக்கா? இரண்டு வருஷமாக ஆசை ஆசையாகப் படித்த ஏட்டைத் தொடவே கூசியது.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிஷமே மாமாவை வேறு இடத்துக்கு அனுப்புவார். பட்டப்பகலில் அறுவடை முடிந்த வெட்டவெளியில் அவர் நடந்துபோக வேண்டும். கல்யாணப் பேச்சும் அதோடு முறியும். இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், யாரையும் நம்பாதவள் அப்பாவை மட்டும் நம்பிவிடுவாளா? நானே பார்த்துக்கொள்வேன் என்கிற திமிர். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் விடை எழுத உட்கார்ந்தேன்.

விடை ஒன்றுதான் இருந்தது. அது கண்டவை எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும். போலீஸ் நினைப்பு யாருக்கும் வரக்கூடாது. நான் எழுதினேன்:

"நான் அதே ஊர். அந்த வீட்டில் பெண்ணின் பெரியப்பா ஒருவர் புத்தி பேதலித்தவர். கொல்லைக் கொட்டகையில் இருக்கிறார். பசி தாங்கமாட்டார், கூச்சல் போடுவார்; அதனால் விருந்தாளி வருமுன் அவருக்குப் போட்டுவிடுவார்கள். மெல்லிய துணியைக் கிழித்துவிடுவதால் முரட்டுத் துணி. கல்யாண வயதுப் பெண் இருக்கிற வீடு என்பதால் வெளியே சொல்வதில்லை. பாகூர், எண் 141."

எனக்குப் பெரியப்பாவே கிடையாது. அப்பா தலைச்சன் பிள்ளை.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகுதான் இன்னொன்று உறைத்தது. குடும்பத்தில் பைத்தியம் உண்டு என்று தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்? அதுவும் இந்த விடையைப் படிக்கப்போகிற முதல் ஆளே அவர்தான். அவர் வேவுக்காரர் என்றால் மாமா பிழைப்பார். வெறும் வாத்தியார் என்றால் என் கல்யாணம் போகும். தராசில் போட்டுப் பார்த்தேன். தபால்பெட்டியில் போடும்படி அண்ணனிடம் கொடுத்தேன்.

ஆவணி ஏட்டில் என் விடை முதலாவதாக வந்தது. 'இதுவரை வந்த விடைகளில் இதுவே சிறந்தது' என்று ஆசிரியர் ஒரு வரி சேர்த்திருந்தார். அரியூரிலிருந்து தட்டு மாற்ற நாள் குறித்து ஆள் வரவில்லை. அப்பா வாசலைப் பார்ப்பதும் மேல்துண்டை உதறுவதுமாக இருந்தார்.

ஒரு வாரம் கழித்து, காலை வெயில் ஏறின நேரத்தில், குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"உழவு மாடு குடுக்கறதா சொன்னாங்கோ" என்றார் மூத்தவர்.

"நான் யார்கிட்டயும் சொல்லலியேபா" என்றார் அப்பா.

மூத்தவர் மாட்டைப் பார்க்கவில்லை. கொல்லைப் பக்கம் பார்த்தார். இளையவர் அதற்குள் கொட்டகைப் பக்கமாக நாலு எட்டு வைத்துவிட்டார். மாட்டுத்தரகர் வேஷம் என்று கேள்விப்பட்டது கண்முன் நிற்கிறது.

"உங்க வூட்ல பெரியவரு ஒருத்தரு ஒடம்புக்கு முடியாம இருக்காராமே?" என்று மூத்தவர் இழுத்தார்.

"எங்க வூட்லயா? யாரு அப்பிடி…" என்று அப்பா ஆரம்பித்தார்.

நான் உள்ளேயிருந்து ஓடிவந்தேன். அந்நிய ஆண்கள் முன்னால் அப்படி நின்றதும் கத்தியதும் அன்றைக்குத்தான்.

"பெரியப்பாவத்தான் கேக்கறாங்க, அப்பா! அண்ணே, கிட்ட போவாதீங்க. மேல வுழுந்து கடிச்சிடுவாரு. போன மாசம் கூலியாளக் கடிச்சிட்டாரு!"

அப்பா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். கொட்டகைக்குள் மாமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இளவயதில் கூத்தில் ராட்சசன் வேஷம் கட்டியவர். உள்ளேயிருந்து ஓர் அலறல் கிளம்பியது பாருங்கள், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரையைத் தடியால் அடித்தார். "ரத்தம் கொண்டாடா!" என்றார். ஒரு செருப்பு வெளியே பறந்து வந்து இளையவர் குடையில் விழுந்தது. இரண்டு பேரும் வந்த வழியே நடையும் ஓட்டமுமாகப் போனார்கள். ஒரு மாட்டின் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

அப்பா என்னை உட்காரவைத்துக் கேட்டார். ஏட்டை எடுத்துவந்து இரண்டு மாதத்ததையும் படித்துக் காட்டினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா முதலில் சிரித்தார், நான் படிக்கப் படிக்கச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாமனக் காப்பாத்திட்ட, சரி. ஒன்ன யாருடி காப்பாத்தறது?" என்றார்.

பத்து நாளில் சேதி வந்தது. ஜாதகத்தில் ஏதோ தோஷமாம், அரியூர்க்காரர்களுக்கு இஷ்டமில்லையாம். ஜாதகம் முதலிலேயே பார்த்தாயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். நான் அழவில்லை. வேவுக்காரன் தொலைந்தான் என்று அண்ணனிடம் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன். நம்பிக்கொண்டு இருக்கவேண்டியிருந்தது.

புரட்டாசி ஏடு ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தது. அண்ணன் இந்தத் தடவை எறியவில்லை.

"இன்னாடி இது? பரிசாம்."

கடைசிப் பக்கத்தில் அரியூர் எண் 88-இன் முடிவு வந்திருந்தது. மூன்றாம் மாதம் முடிவு சொல்ல வேண்டும் அல்லவா? சொல்லியிருந்தார்:

"விடை சரி என்று எங்கள் வீட்டில் தீர்மானித்துவிட்டார்கள். நான் ஒப்பவில்லை, நேரில் விசாரித்து வாருங்கள் என்று மன்றாடினேன். என் சித்தப்பாவும் அவர் மகனும் மாடு வாங்குகிறவர்களைப் போல் அங்கே போனார்கள். பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். அதற்குமேல் நான் பேச இடமில்லை. இருந்தாலும் என் முடிவு இது: விடை தவறு. துணியைக் கிழிக்கிறவருடைய வேட்டியை யாரும் அவ்வளவு வெளுக்கத் துவைத்து மடிப்புப் பிடித்துக் காயப்போடமாட்டார்கள். அங்கே வேறு யாரோ இருக்கிறார். யார் என்று நான் கேட்கமாட்டேன், எழுதவும் மாட்டேன். என் குறிப்பில் கடைசி வரியை ஓர் அங்கத்தினர் படித்துச் சிரிப்பார் என்றுதான் எழுதினேன். அவர் வேறு விதமாகப் படித்துவிட்டார். பரிசை அவருக்கே கொடுங்கள்."

கடைசி வரி. கட்டைவிரலில் மை.

பாகூரில் ஓர் அங்கத்தினர் உண்டு என்பது ஏட்டைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். என் கையைப் பார்த்ததுமே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் 'கொஞ்சம்தானா?' என்று சிரித்தார். தம்ளர், இலை, வேட்டி எல்லாம் விளையாட்டு. அடியில் எனக்கென்று ஒரு வரி. தான் கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் நாலு பேர் அறியப் பேச முடியாததை, நாடறிந்த ஏட்டில் யாருக்கும் விளங்காதபடி பேசியிருக்கிறார். அதற்கு நான் பைத்தியக்காரப் பெரியப்பாவை அனுப்பினேன். விசாரிக்க வந்தவர்கள் மேல் செருப்பு எறிய வைத்தேன்.

அன்றே எழுதியிருக்கவேண்டும். மாமா கொட்டகையில் இருந்தார். உண்மையை எழுதினால் அது மாமாவைப் பற்றிய உண்மை. அவர் போன மறுநாள் எழுதலாம் என்று காத்திருந்தேன். வழக்கைக் கைவிட்டார்கள் என்று சேதி வந்து அவர் ஊருக்குத் திரும்பியது தை மாதம். அரியூர் வாத்தியாருக்கு ஐப்பசியிலேயே முகூர்த்தம் முடிந்திருந்தது. பெண் மதகடிப்பட்டுப் பக்கம் என்று சொன்னார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள்.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர். எதையும் கவனிக்கமாட்டார்.

அந்த அட்டைப்பெட்டியில் இருந்தது ஒரு பூதக்கண்ணாடி. பரிசு வந்த அன்று அம்மா பின்கட்டில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள், அண்ணன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அடுப்பங்கரை ஜன்னலோரம் நின்று, வலது கட்டைவிரலை அதன் அடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மாதமாக நான் பேனாவைத் தொடவில்லை. சாம்பல் போட்டுத் தினம் பாத்திரம் தேய்த்த கை. இருந்தும் நகத்தோரத்தில், ரேகைக்குள், கொஞ்சம் மை மிச்சம் இருந்தது.